அடிக்கட்டையிலிருந்து வழக்கேடு வரை: திருகோணமலையில் களவு மரம் தறிப்பைத் தடுக்க ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை மாவட்டக் காடுகளில் களவாய்ப் போவது பெரும்பாலும் முதிரை, பாலை, கருங்காலி, சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இந்தச் சாவண்டலை ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சந்தையில் திருகோணமலையின் பெயராலேயே விற்கப்பட்டது. கிண்ணியா, மூதூர்ப் பக்கக் களப்போரங்களில் விறகுக்கும் தடிக்கும் கண்டல் வெட்டுகிறார்கள். தரை காய்ந்து உழவு இயந்திரம் காட்டுப் பாதையில் இறங்கக்கூடிய மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் வாளின் சத்தம் கூடும்.

இதைத் தடுக்க ஊர்ச் சங்கம் லொறியை மறிக்கத் தேவையில்லை, மறிக்கவும் கூடாது. மறிக்கவும் பிடிக்கவும் சட்டம் வன உத்தியோகத்தருக்கும் பொலிசாருக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. இங்கே இல்லாதது வேறு: காட்டில் நிற்கும் அடிக்கட்டை, றோட்டில் ஓடிய பெர்மிட் (மரம் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம்), நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தவில்லையே என்று எழுத்தில் கேட்கும் ஆள். அதைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, மாதர் சங்கமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, கோயில் பரிபாலன சபையோ செய்யலாம். இந்த வழிகாட்டி அந்த வேலைக்கானது.

முதலில்: அந்த மரம் யாருடைய பொறுப்பு?

முறைப்பாடுகள் வீணாவதற்கு முதற் காரணம், தவறான கந்தோருக்குப் போவது. ஒரே பற்றைக்குள் இரண்டு திணைக்களங்களின் எல்லை ஓடும்.

பேணற்காடு, ஒதுக்கக் காடு, கிராமக் காடு ஆகியவை வன இலாகாவின் கீழ் வருகின்றன. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச்சட்டமே அடிப்படை. 2009இன் 65ஆம் இலக்கத் திருத்தத்தோடு அது வனப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமாகித் தண்டனைகளும் கூடின. தேசிய பூங்காவும், சேருவில-அல்லை போன்ற சரணாலயங்களும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உரியவை. அங்கே 1937இன் 2ஆம் இலக்கச் சட்டம். தனியார் காணியில் நிற்கும் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் தறிக்க 1951இன் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தைக் கேளுங்கள்.

சிக்கல், வர்த்தமானியில் வராத எஞ்சிய அரச காடுகளில். 2001இல் ஒரு சுற்றறிக்கை அவற்றை வன இலாகாவிடம் கொடுத்தது. 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை பிரதேச செயலாளர்களிடம் மாற்றியது; அதை எதிர்த்துச் சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. இப்படியான இடத்தில் மரம் விழுந்தால் ஒரே கடிதத்தை இரண்டு கந்தோருக்கும் அனுப்பி, இரண்டிலும் மற்றதற்குப் பிரதி போகிறது என்று எழுதுங்கள். அப்போதுதான் ‘அது எங்கட பகுதி இல்லை’ என்ற பதில் எழுத்தில் வராது.

குழு தொடங்கிய முதல் மாதத்திலேயே வட்டார வன அலுவலகத்துக்குப் போய், உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவைத் தொடும் காடுகளின் பெயர், வகை, வர்த்தமானி இலக்கம் மூன்றையும் எழுதி வாங்கி வாருங்கள். வரைபடம் தர மறுத்தால் தகவல் உரிமை விண்ணப்பம் போடலாம்.

குழு: ஐந்து முதல் ஏழு பேர் போதும்

பெரிய குழு பேசும், எழுதாது. ஏழு பேருக்கு மேல் வேண்டாம். அதில் ஒருவர் பதிவேடு எழுதுபவர், ஒருவர் கடிதமும் தகவல் உரிமையும் பார்ப்பவர், ஒருவர் வன அலுவலகத்தோடும் பொலிசோடும் பேசுபவர். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம். மொரவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர, சேருவில, கந்தளாய் எல்லைகளைத் தொடும் ஊர்கள் அந்தப் பக்கத்துச் சங்கத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. முதிரைக்குத் தமிழர் காடு, முஸ்லிம் காடு, சிங்களவர் காடு என்று இல்லை. ஒரு இனத்தவர் மட்டும் மற்ற இனத்தவரின் வண்டியைப் பற்றியே முறைப்பாடு கொடுத்தால், அது மரக் கேஸாக நிற்காது; இனப் பிரச்சினையாக மாறி மூடப்படும்.

மரக்காலை, அரிவு ஆலை, லொறித் தொழிலோடு சொந்தம் உள்ளவரைக் குழுவில் போடாதீர்கள். அவர் நல்லவராயிருந்தாலும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதைத்தான். சங்கத்தின் பொதுக்கூட்ட அறிக்கையில் குழுவின் பெயர்களும் வேலையும் பதிவாகட்டும். பிரதேச செயலகத்தில் பதிவான சங்கத்தின் கடிதத் தலைப்பில் போகும் முறைப்பாட்டுக்கு, மொட்டைக் கடிதத்துக்கு இல்லாத பாரம் உண்டு.

இங்கே வெளிப்படையாகப் பேசவேண்டிய ஒன்று: போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பியபோது, தங்கள் வயலும் மேட்டுக்காணியும் காடு பற்றி, நடுவில் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கக் கண்ட குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அவர்களுக்கு வன அலுவலகத்தின் மேல் கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் காணிக் கோரிக்கையையும் களவு மரத்தையும் ஒரே கடிதத்தில் எழுதினால் இரண்டும் கெடும். காணிக்குத் தனிக் கோப்பு, தனிக் குழு வையுங்கள். மரக் குழு உறுப்பினர் எவரும் பிணக்கிலுள்ள காணியின் அடிக்கட்டையை அளக்கப் போகவேண்டாம்.

உயிரும் சட்டமும்

ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நல்ல நோக்கம் இருந்தாலும் மரக்கள்ளரின் சட்டத்தரணி உங்களையே எதிரியாக்குவார். ஆகவே பொதுவழி, குளக்கட்டு, வாய்க்கால் வரம்பு, உங்கள் சொந்தக் காணி ஆகியவற்றிலிருந்து தெரிவதையே பதியுங்கள். உள்ளே போகவேண்டுமானால் வட்டார வன அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், அல்லது வன உத்தியோகத்தரோடு போங்கள்.

தனியாகவும் பொழுது சாய்ந்த பின்னும் போகக்கூடாது. யானை ஒரு காரணம். மிருகங்களுக்குக் கட்டிவிடும் கட்டுத்துவக்கு அதைவிடப் பெரிய காரணம். தடம் குறுகி, முழங்காலளவில் கயிறோ கம்பியோ குறுக்கே தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள். ஓடும் லொறியைப் பின்தொடர வேண்டாம். வாள் ஓடும்போது கிட்டப் போகவேண்டாம். இலக்கம், நேரம், திசை மூன்றும் தெரிந்தால் உங்கள் வேலை முடிந்தது.

படங்களை முகநூலில் போடாதீர்கள். போட்ட அன்றே மரம் இடம் மாறும், படம் எடுத்தவர் யார் என்று ஊருக்குத் தெரியும், வழக்கு வந்தால் சான்றும் பழுதாகும்.

மிரட்டல் வந்தால் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்க இடம் தருகிறது. மிரட்டலின் சொற்களை, எப்படிச் சொன்னாரோ அப்படியே, அன்றைக்கே எழுதி வையுங்கள்.

அடிக்கட்டையைப் பதிவது எப்படி

இதில் நேரம் செலவழியுங்கள். மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

தேவையானவை: துணி அளவு நாடா, ஒரு அடிமட்டம், நீல மை பேனா, ஒற்றை வரிக் கொப்பி, ஜி.பி.எஸ். உள்ள கைத்தொலைபேசி. கொப்பியின் பக்கங்களுக்கு முதலே இலக்கமிடுங்கள். தாள் கிழிக்கவே கூடாது. பிழையானதை ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் ஒப்பமிடுங்கள்.

ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் எழுதவேண்டியவை: திகதி, நேரம், மர வகை, தரையிலிருந்து வெட்டின் உயரம், வெட்டு முகத்தின் குறுக்களவு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை, வாளா கோடரியா, சுத்தியல் முத்திரை உண்டா இல்லையா, இருப்பிடம், உடன் நின்ற இரண்டாமவரின் ஒப்பம். ஒரு பதிவு இப்படி இருக்கவேண்டும்:

‘பாலை. வெட்டின் உயரம் 1 அடி 2 அங்குலம். குறுக்களவு 19 அங்குலம், 21 அங்குலம். வாள் வெட்டு, முகம் ஈரம். மரத்தூள் கருஞ்சிவப்பு, மழை படாதது. முத்திரை இல்லை. வடக்கே உழவு இயந்திரச் சில்லுத் தடம். கொப்புகள் அங்கேயே, இலை பச்சை.’

முத்திரையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரச காட்டில் சட்டப்படி தறிப்பதற்குக் குறிக்கப்படும் மரத்தில் வன இலாகாவின் சுத்தியல் அடையாளம் இருக்கவேண்டும். அரச மரக் கூட்டுத்தாபனம் தறித்த இடத்தைக் களவு என்று எழுதிவிட்டால், அடுத்த உண்மையான முறைப்பாட்டையும் யாரும் நம்பமாட்டார்கள். இலை சருகு மூடியிருந்தால் கையால் விலக்கிப் பாருங்கள். மண் போட்டு மூடிய, அல்லது தீ வைத்துக் கருக்கிய அடிக்கட்டை கண்டால் அதையும் எழுதுங்கள். சட்டப்படி தறித்தவர் மறைக்கத் தேவையில்லை.

காட்டுக்குள்ளேயே பலகையாகவும் மரச்சட்டமாகவும் அரிந்து வெளியேற்றுவது வழக்கம். அப்படியானால் குற்றி கிடைக்காது. மரத்தூள் குவியலும் புறப்பட்டைத் துண்டுகளும் மிஞ்சும். முதிரையின் தூள் வெளிர் மஞ்சள், கருங்காலியின் வைரம் கறுப்பு. ஒரு கைப்பிடித் தூளைப் படமெடுங்கள், ஆனால் எதையும் எடுத்துவராதீர்கள். காட்டுப் பொருளை எடுத்தவர் நீங்களாகிவிடுவீர்கள்.

படம் மூன்று: அளவு நாடாவோடு வெட்டு முகம், அடிக்கட்டை முழுதாய், சுற்றுப்புறம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாய் அனுப்பும் படத்தில் நேரமும் இருப்பிடமும் அழிந்துபோகும். அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். மூலப் படம் எடுத்த தொலைபேசியிலேயே இருக்கட்டும். ஒலி, ஒளிப்பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக்க 1995இன் 14ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. மூலப்பதிவு மாற்றமில்லாமல் இருந்தால்தான் அது உதவும்.

மரச் செறிவுக்குள் ஜி.பி.எஸ். பத்துப் பதினைந்து மீற்றர் பிசகும். ஒரு நிமிடம் நின்று எண் அசையாத பின் எழுதுங்கள். நம் மாவட்டத்தில் முதல் எண் 8 என்றும் இரண்டாவது 80 அல்லது 81 என்றும் தொடங்கும். மாறியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

குற்றி கண்ணில் பட்டால் கன அளவு இப்படி: நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் பிரித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144ஆல் பிரியுங்கள். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. இந்தக் கால்-சுற்றளவுக் கணக்கு உண்மையான கன அளவில் ஏறக்குறைய 78 வீதத்தையே காட்டும்; ஆகவே கூட்டிச் சொன்னதாக யாரும் குற்றம் சாட்ட முடியாது. அடிக்கட்டையின் அளவை மட்டும் வைத்து முழு மரத்தின் கன அளவைச் சொல்லாதீர்கள். அடி அகன்றிருக்கும், கணக்கு ஏறிவிடும்.

செய்மதிப் படம் உதவுமா என்று பலர் கேட்பார்கள். குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தை இலவசமாய்ப் பார்க்கலாம். காடு ஏக்கர் கணக்கில் வெளியாக்கப்பட்டால் அது காட்டும். நிற்கும் காட்டுக்குள் ஒரு பாலை, இரண்டு முதிரை என்று பொறுக்கித் தறிப்பதை அது பார்க்காது. நம்மூர்க் களவு பெரும்பாலும் அந்த வகை. வறட்சியில் இலை உதிர்வதையும் சேனை எரிப்பதையும் காடழிவு என்று காட்டிவிடவும் கூடும். ஆகவே அதை வழிகாட்டியாக வையுங்கள், சான்றாக வைக்காதீர்கள்.

பெர்மிட்டை வாசிக்கப் பழகுங்கள்

களவு மரம் பெர்மிட் இல்லாமல் ஓடுவதைவிட, பெர்மிட்டோடு ஓடுவதுதான் ஆபத்து. சோதனைச் சாவடியில் அது நிற்பதே இல்லை. நடப்பது இப்படி: வீட்டு வளவில் நிற்கும் வேம்புக்கும் தேக்குக்கும் பெர்மிட் எடுப்பார்கள், ஏற்றுவது மேலே வேம்பு, கீழே பாலை. ஒரே பெர்மிட்டில் ஒரே நாளில் இரண்டாவது நடையும் போகும். வளவில் இரண்டு மரம் நிற்க, பத்து மரத்துக்கு எழுதுவித்து, மிச்சத்தைக் காட்டிலிருந்து நிரப்புவதும் உண்டு. வைக்கோல், மணல், விறகு ஆகியவற்றுக்கு அடியில் பலகை போவது பழைய முறை.

பெர்மிட்டில் மர வகை, துண்டுகள், கன அளவு, புறப்படும் இடம், சேருமிடம், வாகன இலக்கம், திகதி, நேரம் ஆகியவற்றைப் பாருங்கள். சில வளர்ப்பு மரங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை. அந்தப் பட்டியலை வன அலுவலகத்தில் வாங்கிக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பொழுதுபட்ட பின் மரம் ஏறிய லொறி கந்தளாய்ப் பக்கம் ஏ6 வீதியிலோ, ஹொரவப்பொத்தானைப் பக்கம் ஏ12 வீதியிலோ ஓடினால் பெர்மிட் கையிலிருந்தாலும் சொல்லத்தக்க தகவல் அது.

வாகனத்தை நிறுத்திப் பெர்மிட் கேட்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் பிறகு, கந்தோரில் உள்ள அதன் பிரதியைக் கேட்கும் உரிமை உண்டு.

முறைப்பாடு

நடந்துகொண்டிருக்கும் தறிப்புக்குத் தொலைபேசி: பகுதி வன அலுவலகம், வட்டார வன அலுவலகம், பொலிஸ் 119. அழைத்த நேரம், பேசியவரின் பதவி, சொன்ன பதில் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். முதல் அழைப்புக்கு அரை மணிக்குள் அசைவு இல்லையென்றால் மாவட்ட வன அலுவலகத்துக்கு. தகவலைக் கசியவிடுபவர் யாரென்று சந்தேகம் இருந்தால் முதலிலேயே மேல் கந்தோருக்குப் பேசுவதில் தவறில்லை.

நடந்து முடிந்ததற்குக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். என்ன, எங்கே, எப்போது, எத்தனை. பின்னிணைப்பாகப் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி. ‘இன்னார்தான் வெட்டினார்’ என்று கண்ணால் காணாததை எழுதவேண்டாம். கையளிக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால்.

பொலிசில் கொடுத்தால் முறைப்பாட்டுப் புத்தகத்தின் பக்கம், பந்தி இலக்கத்தோடு பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி ஒப்பம் கேட்டால், விளங்காமல் ஒப்பமிடாதீர்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு இடம் தருகிறது. ‘தமிழ் தெரிந்தவர் வரும்வரை இருக்கிறோம் சேர்’ என்று பணிவாகச் சொல்லி உட்காருங்கள்.

தகவல் உரிமை: சங்கத்தின் கையில் உள்ள கூரிய கருவி

2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பம் போடக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவும் தேவையில்லை. மாவட்ட வன அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

‘2023 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை, கந்தளாய்ப் பிரதேச செயலாளர் பிரிவிலிருந்து மரம் கொண்டுசெல்ல வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்கள் ஒவ்வொன்றினதும் இலக்கம், திகதி, மர வகை, கன அளவு, புறப்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவு, சேருமிடம். அதே காலத்தில் பிடிபட்ட வாகனங்களின் எண்ணிக்கை. அவற்றில் நீதிமன்றம் போனவை, இழப்புப் பணம் வாங்கித் தீர்க்கப்பட்டவை, வாகனம் அரசுடைமையானவை, விடுவிக்கப்பட்டவை. கைப்பற்றிய மரத்தின் கன அளவும், அது பின்னர் ஒப்படைக்கப்பட்ட இடமும்.’

காணிச் சொந்தக்காரரின் பெயரைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று முழுவதையும் மறுக்க அது சாட்டாகிவிடும். நடந்துகொண்டிருக்கும் விசாரணையையும் கேட்கவேண்டாம். முடிந்த காலத்தையும் தொகையையும் கேளுங்கள்.

14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ, 14 நாளுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழு. நாள் தவறினால் முழுதும் முதலிலிருந்து. விண்ணப்பம் போட்ட அன்றே நாட்காட்டியில் எல்லாத் திகதிகளையும் வட்டமிடுங்கள்.

பட்டியல் வந்தபின் செய்யவேண்டியது எளிது. ஒரு கிராமப் பிரிவிலிருந்து இவ்வளவு முதிரை வந்ததாக இருக்கிறதே, அந்தப் பிரிவின் வளவுகளில் அவ்வளவு முதிரை நின்றதா? ஊர்க்காரருக்குத் தெரியும். ஒரே இலக்கம் இரண்டு முறை, அடுத்தடுத்த நாளில் ஒரே வளவு, கன அளவு எப்போதும் ஒரே எண் என்றால் வட்டமிடுங்கள். அரிவு ஆலைகளும் மரக்காலைகளும் வன இலாகாவில் பதிந்திருக்கவேண்டும். அந்தப் பட்டியலையும் வாங்கிச் சேருமிடத்தோடு ஒப்பிடுங்கள். பதிவில் இல்லாத இடத்துக்கு மரம் போயிருந்தால் கேள்வி அங்கே தொடங்குகிறது.

கூட்டங்களும் நீதிமன்றமும்

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் மாவட்டச் சுற்றாடல் குழுவிலும் வாய்ப்பேச்சு கரைந்துபோகும். பிரதேச செயலாளருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் ஏற்றுங்கள். ஒரே கேள்வி, ஒரே தாள். அடுத்த கூட்டத்தில் முந்திய கூட்ட அறிக்கையை வாசிக்கச் சொல்லி அங்கிருந்து தொடருங்கள்.

வழக்கு திருகோணமலை, மூதூர், கந்தளாய் நீதவான் நீதிமன்றங்களில் வந்தால் சங்கத்தில் ஒருவர் ஒவ்வொரு தவணைக்கும் திறந்த மன்றில் உட்கார்ந்து திகதியையும் கட்டளையையும் எழுதட்டும். குற்றவாளியென்று தீர்ந்தபின் வாகனத்தை அரசுடைமையாக்கும் விசாரணையை மறந்துவிடாதீர்கள். குற்றம் நடக்காமலிருக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக வாகனச் சொந்தக்காரர் நிரூபிக்கவேண்டும். அதே வாகன இலக்கம் உங்கள் பழைய முறைப்பாடுகளில் இருந்தால் அந்தப் பிரதிகளை வழக்கு நடத்தும் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போகலாம். லொறி போனால் தொழில் நிற்கும்.

முறைப்பாடு அசையவே இல்லையென்றால் வழிகள் உண்டு. கைலஞ்சம் என்று நம்பக் காரணம் இருந்தால் 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இலஞ்ச ஆணைக்குழு, தொலைபேசி 1954. பொலிஸ் எழுத மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு. குற்றவியல் நடவடிக்கைச் சட்டத்தின் 136ஆம் பிரிவில், சட்டத்தரணி ஒப்பமிட்ட எழுத்து முறைப்பாட்டோடு நேரே நீதவானிடமும் போகலாம். அரச உத்தியோகத்தரின் கடமை தவறலுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது கடமையைச் செய்யச் சொல்லும் கட்டளை, கேட்கலாம். வில்பத்துப் பக்கம் காடு வெளியாக்கியது தொடர்பாகச் சுற்றாடல் நீதிக்கான நிலையம் போட்ட வழக்கில், அழித்த இடத்தில் திரும்ப மரம் நடவேண்டும் என்று அந்த நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்த்தது. அப்படியான வழக்குக்குப் பணமும் ஆண்டுகளும் வேண்டும்; ஒரு சங்கம் தனியே இறங்காமல் சட்ட அனுபவமுள்ள சுற்றாடல் அமைப்போடு சேர்ந்து இறங்கவேண்டும்.

எங்கே குலைகிறது

வன உத்தியோகத்தர் எல்லாரையும் கள்ளர் என்று பேசத் தொடங்கும் சங்கம் ஆறு மாதம் தாங்காது. ஒரு பகுதி உத்தியோகத்தருக்குப் பெரிய காடு, சிறிய ஆளணி. நேர்மையானவருக்கு உங்கள் பதிவேடு துணை. அவர் பிடித்த மரத்துக்குச் சங்கம் நன்றிக் கடிதம் எழுதி, பிரதியை மேலிடத்துக்கு அனுப்புவது அவரைக் காக்கும். இடமாற்றம் வந்தால் புதியவரை முதல் வாரத்திலேயே கோப்போடு போய்ச் சந்தியுங்கள்.

கூலிக்கு வாள் பிடிக்கும் பையனை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஏற்றியவரையும் வாங்கியவரையும் விட்டுவிடுவது இன்னொரு பிழை. அவன் அபராதம் கட்டக் கடன் கொடுப்பதும் பெரும்பாலும் அதே முதலாளிதான். கடனை அடைக்க மறுபடியும் காட்டுக்குப் போவான். பட்ட விறகு பொறுக்கும் பெண்களையும் இந்தக் கொப்பியில் எழுதாதீர்கள். காட்டில் புதுத்தடம் தெரிந்தால் முதலில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

கொப்பிக்கு இரண்டு பிரதி வேண்டும், இரண்டும் வேறு வேறு வீட்டில். ஐப்பசி மழை தொடங்கிக் காட்டுப்பாதை சேறானதும் கள வேலை குறையும். தகவல் உரிமை விண்ணப்பங்களையும் மேன்முறையீடுகளையும் அந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள். சித்திரைக்கு முன் சங்கப் பொதுக்கூட்டத்தில் முழு ஆண்டின் கணக்கை வாசித்து, பொறுப்பாளர் மாறினால் கொப்பியும் திகதி முத்திரை பட்ட பிரதிகளும் கையளிக்கப்பட்டதை அறிக்கையில் எழுதி, இருவரும் ஒப்பமிடட்டும்.